நாற்காலியின் சூடு

பழைய கேமரா ஒரு வீட்டின் விலை.
ஜெலுத்தோங்கில் மூன்று அறை, கார் நிறுத்தும் இடத்தோடு.
அதற்குத் தனி அறை, தனிப் பூட்டு.
பார்ப்பதற்கு முன் அது குளிர்ந்தாக வேண்டும்.
திரவ நைட்ரஜனை நான்தான் ஊற்றுவேன்,
முழங்கை வரை வெண்புகை ஏற
சாம்பிராணி போடுகிறவளைப் போல் நிற்பேன்.
கண் திறக்க நாற்பது நிமிடம்.

திறந்தால் சில்லுகளை மட்டும் பார்க்கும்.
செத்துத் திரும்பி வந்த சில்லுகள்.
ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் கொடுத்து
மறுபடியும் சாகவைப்பேன்.
ஒரு மூலை சிவக்கும், மஞ்சளாகும், வெளுக்கும்,
இழை அறுந்து அணையும்.
நொடிக்கு ஆயிரம் படம் எடுத்தும்
அந்தச் சாவுக்கு நான்கே படம்.
"இங்கே" என்று விரல் வைப்பேன்.
பாயான் லெப்பாஸில் பதினாறு வருடமாக
எங்கே என்று சொல்வதுதான் என் வேலை.
யார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

புதியது தீபாவளிக்கு முந்தின வாரம் வந்தது.
சோப்புப் பெட்டி அளவு.
நைட்ரஜன் வேண்டாம், பூட்டு வேண்டாம்.
விலை தன் மோட்டார் சைக்கிளை விடக் குறைவு என்றான் ஃபௌசி.
அதே ஆயிரம் படம்.

அன்று இரவு நாங்கள் சிறுபிள்ளைகளானோம்.
கேன்டீனில் தே தாரிக் இழுக்கும் கையைப் பிடித்தோம்:
ஒரு முழம் வெள்ளை நெருப்பு
நடுக்காற்றில் மணி மணியாய் உடைந்து
கீழ்க்குவளைக்குள் மறுபடி ஒன்றானது.
கறுப்புக் குப்பைப் பை அதற்குக் கண்ணாடி,
உள்ளே யாரோ வீசிய பாவ் இன்னும் சூடாக இருந்தது.
கண்ணாடியோ அதற்குச் சுவர்.
சன்னலுக்கு வெளியே பாலம் முழுக்க விளக்கு,
திரையில் பாலமும் இல்லை கடலும் இல்லை.
பெட்டியைப் பிடித்த நான் மட்டும்,
மூக்கு நுனி நீலமாய்.

மலிவு என்ற சொல்லை
மீனுக்கும் கத்தரிக்காய்க்கும்தான் சொல்லியிருக்கிறேன்.
மலிந்தது ஒன்றோடு நிற்காது என்று
அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சீனப் பெருநாள் விடுமுறை முடிந்து வந்தால்
ஆறாம் லைனின் உச்சியில் எட்டு சோப்புப் பெட்டிகள்.
சாலிடர் சூட்டைப் பார்க்க, என்றார்கள்.
பார்த்தன. நாற்காலிகளையும் பார்த்தன.

ஒருத்தி எழுந்து போனால்
இருக்கையில் அவள் வடிவில் ஒரு மஞ்சள்.
மூன்று நிமிடத்தில் செம்மண்.
ஏழில் கத்தரிப்பூ.
பதினொன்றில்
அவள் அங்கே உட்கார்ந்ததே இல்லை.

கழிப்பறைக்கு அனுமதி ஏழு.
நிறத்தை வைத்து நிமிடத்தை உறுதிசெய் என்று
அட்டவணை என் மேசைக்கு வந்தது.
முதல் பெயர் குணமலர், சுங்கைப்பட்டாணி பஸ்,
ஐந்து மாத வயிறு.

"யார் என்பது என் வேலை இல்லை"
எழுதினேன். அழித்தேன்.
வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருடம்.

தேநீர் இடைவேளையில் அவள் பக்கத்தில் போய்
சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்:
"அதுக்கு ஆள் தெரியாது மலர். சூடுதான் தெரியும்."
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
கையிலிருந்த மைலோ பொட்டலத்தை,
ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய அந்தக் கொதிக்கும் பையை,
ஒரு தரம் பார்த்தாள்.

மறுநாள் இரவிலிருந்து ஆறாம் லைனில்
எழுந்து போகிறவர்கள் இருக்கை ஆறுவதில்லை.
ஏழிலும் மஞ்சள், பதினொன்றிலும் மஞ்சள்,
கொஞ்சம் உருண்டையான மஞ்சள்.
நிறம் என்ற கட்டத்தில்
மஞ்சள் என்றே நிரப்புகிறேன். பொய் இல்லை.

நேற்று ஒரு பை கசிந்தது.
நாற்காலி விளிம்பிலிருந்து சொட்டு கிளம்பி
தரையைத் தொட முன்னூறு படம் எடுத்துக்கொண்டது,
வெள்ளையாய், அவசரமே இல்லாமல்.
லைன் லீடர் சியூ லான் துணியோடு வந்தாள்.
மேலே பெட்டியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்,
அப்புறம் குனிந்து
துடைத்தாள்.